வானத்துச் சந்திரனும் சபையின் சந்திரனும்

2019ஆம் ஆண்டு லெந்துக் காலத்தில், எங்கள் சபையின் திடப்படுத்தல் வகுப்பில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்ட கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியாமல் போனது. திண்டுக்கல்லில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் கற்பித்து, அதற்கு முந்தைய ஆண்டுதான் ஓய்வுபெற்றிருந்தவன் என்பதால் எனக்கு அது சற்று வெட்கமாகவே இருந்தது. பகலும் இரவும் சமமாகும் சமஇரவு நாளுக்குப் பின் வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தேன். அவன் எழுந்து, "சார், இந்த வருஷம் பௌர்ணமி மார்ச் 21 காலையில் வருகிறது. அப்படியென்றால் மார்ச் 24 அல்லவா ஈஸ்டர்? காலண்டரில் ஏப்ரல் 21 என்று போட்டிருக்கிறதே?" என்றான்.

அடுத்த வாரத்துக்குள் கணக்கைத் தேடிப் படித்துக்கொண்டு போனேன். அந்த ஆண்டு சூரியன் நிலநடுக்கோட்டைக் கடந்த நேரம், நம் கடிகாரப்படி மார்ச் 21 அதிகாலை மூன்றரை மணியளவு; பௌர்ணமி நிறைந்தது அதே நாள் காலை ஏழு மணியைத் தாண்டி. வானத்தின்படி பார்த்தால் பையன் சொன்னதே சரி. ஆனால் திருச்சபை சமஇரவு நாளை எப்போதும் மார்ச் 21 என்று நிலையாக வைத்துக்கொள்கிறது; பௌர்ணமியையும் ஓர் அட்டவணையிலிருந்தே எடுக்கிறது. அந்த அட்டவணையில் பௌர்ணமி மார்ச் 20 அன்றே முடிந்துவிட்டதால், அடுத்த பௌர்ணமியான ஏப்ரல் 18 வரை காத்திருந்து, அதற்குப் பின் வரும் ஞாயிற்றை எடுத்துக்கொண்டார்கள். இதை நான் விளக்கி முடித்ததும் அவன் கேட்டான்: "அப்போ நாம் வானத்தைப் பார்க்கவில்லை, அட்டவணையைத்தான் பார்க்கிறோமா, சார்?"

எங்கள் குழு பிறந்தது இந்த இரண்டாவது கேள்வியில்தான். ஆயரிடம் போய், மாதம் ஒரு சனிக்கிழமை மாலையில் வானியலையும் விசுவாசத்தையும் பற்றிப் பேச ஆலயத்தின் பக்கத்து அறையைத் தர முடியுமா என்று கேட்டேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, "வேதபாடம் என்று பெயர் வைக்காதீர்கள், வேதபாடத்துக்கு எதிரானது என்றும் யாரும் நினைக்கும்படி வைத்துக்கொள்ளாதீர்கள்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். எட்டுப் பேர் சேர்ந்தோம்: நான், அந்தப் பையன், கல்லூரி மாணவர்கள் இருவர், அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர், வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற சபை மூப்பர் ஒருவர், பூட்டுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், அவருடைய தாயார். இந்த அம்மா பேச்சைக் கேட்க வரவில்லை. மகனுக்குச் சர்க்கரை இருப்பதால் அவர் அங்கே வடை சாப்பிடாமல் பார்த்துக்கொள்ள வந்தார். பின்னாளில் எங்களில் அதிகமாகக் கேள்வி கேட்டவரும் அவரே.

முதல் மூன்று கூட்டங்களை நாங்கள் நாசமாக்கிக்கொண்டோம் என்றே சொல்ல வேண்டும். அறையில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பூமியின் வயது என்ன என்பதில் தொடங்கினோம். மூப்பர் தம் தாத்தா காலத்து ஆங்கில வேதாகமத்தைக் கொண்டுவந்து, ஆதியாகமத்தின் முதல் பக்க ஓரத்தில் கி.மு. 4004 என்று அச்சிட்டிருப்பதைக் காட்டினார். அது அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் பதினேழாம் நூற்றாண்டில் வம்சவரலாறுகளைக் கூட்டிப் பார்த்து வெளியிட்ட கணக்கு. 1701 முதல் ஆங்கிலப் பதிப்புகளின் ஓரத்தில் ஏறிக்கொண்டது. மூலத்தில் அப்படி ஓர் எண்ணே கிடையாது. இதைப் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். கல்லூரி மாணவர்களில் ஒருவர் பொறுமையாகச் சொல்லவில்லை. மூப்பரும் பொறுமையாகக் கேட்கவில்லை. "அவிசுவாசம்" என்ற சொல் மேசைமேல் வந்து விழுந்தது. அந்த இடத்திலேயே நான் பேச்சை நிறுத்தியிருக்க வேண்டும். ஆசிரியராக இருந்தவன், வகுப்பில் இதைவிடச் சிறிய சண்டைகளையெல்லாம் நிறுத்தியவன், அன்று வாயைத் திறக்கவில்லை. அந்த மாணவர் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. பேருந்து நிலையத்தில் எப்போதாவது பார்த்தால் மரியாதையாக வணக்கம் சொல்கிறார், அவ்வளவுதான்.

இதைப் போன்ற குழு ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: வயதுக் கணக்கில் தொடங்காதீர்கள். ஒருவரையொருவர் தெரியாதவர்கள் கூடியிருக்கும் அறையில் அந்தக் கேள்வியை வைத்தால், ஒவ்வொருவரும் தாம் ஏற்கெனவே நின்ற இடத்தில் இன்னும் உறுதியாக நின்றுகொள்வார்கள். சேர்ந்து எதையாவது கண்ணால் பார்த்தவர்கள் பிறகு வாதாடும்போது, அந்த வாதம் வேறு மாதிரி இருக்கிறது. நாங்கள் இதைக் கண்டுகொண்டது தற்செயலாகத்தான். பூட்டுப் பட்டறைக்காரர், "உள்ளே உட்கார்ந்து எதற்குச் சண்டை? மாடிக்குப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சண்டை போடலாமே" என்றார். என்னிடம் பழைய ஆறு அங்குல எதிரொளிப்புத் தொலைநோக்கி ஒன்று இருந்தது. பள்ளியில் மாணவர்களுக்காக வாங்கியது பழுதாகிக் கிடந்தபோது விலை கொடுத்து எடுத்துக்கொண்டது. அதன் தாங்கி ஆடியது. அவர் அதைப் பட்டறைக்குத் தூக்கிப் போய், கடைந்த இரும்புத் தட்டு ஒன்றின் மேல் உட்கார வைத்துக் கொண்டுவந்தார். இன்றும் அதன்மேல்தான் சுழல்கிறது.

முதல் இரவிலும் ஒரு தவறு செய்தோம். சந்திரன் முழுதாக இருக்கும் நாளில் அழகாக இருக்கும் என்று பௌர்ணமியைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். பௌர்ணமி அன்று சூரிய வெளிச்சம் சந்திரன்மேல் நேராக விழுவதால் பள்ளங்களுக்கு நிழலே இருக்காது. கண் கூசும் வெள்ளைத் தட்டுதான் தெரியும். வளர்பிறை அஷ்டமி முதல் தசமி வரை உள்ள நாட்களில், வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டின் ஓரத்தில் பார்க்க வேண்டும். அங்கேதான் மலையின் நிழல் நீண்டு கிடக்கும். இரண்டாம் முறை அப்படிப் பார்த்தபோது, தெற்குப் பகுதியில் மிகப் பெரிய பள்ளம் ஒன்று, தனக்குள்ளே சிறு பள்ளங்கள் வளைவாக வரிசைகட்டிக் கிடக்க, தெளிவாகத் தெரிந்தது. அதன் பெயர் கிளாவியஸ். குறுக்களவு 200 கிலோமீட்டருக்கும் மேல்.

பையனின் கேள்விக்கு அந்தப் பள்ளமே ஒரு பதிலாக அமைந்தது. கிறிஸ்டோபர் கிளாவியஸ் இயேசு சபைத் துறவி, கணித ஆசிரியர். பழைய ஜூலியன் நாட்காட்டி நழுவி நழுவி, சமஇரவு நாள் மார்ச் 11க்குப் போய்விட்டிருந்த காலத்தில், அதைச் சரிசெய்ய நியமிக்கப்பட்ட குழுவில் இருந்தவர். 1582 அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 என்று ஆனது அந்தத் திருத்தத்தினால்தான். ஈஸ்டர் எந்த நாளில் வர வேண்டும் என்ற வழிபாட்டுக் கவலை இல்லாமல் இருந்திருந்தால் ரோமாபுரிக்கு அத்தனை வானியல் தேவைப்பட்டிருக்காது. நம் புராட்டஸ்டண்டு முன்னோர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: போப்பாண்டவர் அறிவித்த நாட்காட்டி என்பதற்காகவே இங்கிலாந்து அதை 1752 வரை, அதாவது 170 ஆண்டுகள், ஏற்காமல் சூரியனோடு முரண்பட்டுக்கொண்டே இருந்தது. மூப்பர் இதைக் கேட்டு முதல் முறையாக எங்கள் நடுவில் சிரித்தார்.

சந்திரப் பள்ளங்களுக்குப் பெயர் வைத்த கதையும் அன்றே வந்தது. நாம் இன்று பயன்படுத்தும் முறையை 1651இல் அமைத்துக் கொடுத்தவர் ரிச்சொலி என்ற இன்னொரு இயேசு சபைத் துறவி. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸின் கருத்தை அவர் ஏற்கவில்லை. அதே கருத்துக்காகக் கலிலேயோவின் மேல் 1633இல் தீர்ப்பு விழுந்து இருபது ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. ஆனாலும், சந்திரனின் மிக அழகான, பிரகாசமான பள்ளங்களில் ஒன்றுக்கு அவர் கோப்பர்நிக்கஸின் பெயரையே வைத்தார். அவர் மனதில் என்ன இருந்ததோ, நான் ஊகிக்க விரும்பவில்லை.

அதற்குப் பின் ஒழுங்கு ஒன்று தானாக அமைந்தது. மேகம் இல்லாவிட்டால் முதலில் மாடி, பிறகு அறை. கேள்விகளை வாயால் கேட்காமல் துண்டுச் சீட்டில் பெயரில்லாமல் எழுதிப் போட வேண்டும். இரண்டு பெட்டிகள் வைத்தேன்: இது எப்படி நடக்கிறது என்ற கேள்விகளுக்கு ஒன்று, இதற்கு என்ன பொருள் என்ற கேள்விகளுக்கு ஒன்று. இரண்டே மாதங்களில் மூன்றாவது பெட்டி தேவைப்பட்டது. எதில் போடுவதென்று தெரியாத கேள்விகள்தான் அதிகமாக வந்தன. பெயரில்லாத சீட்டு என்பது சிறிய ஏற்பாடாகத் தோன்றலாம். ஆனால் சபைக்குள் ஒருவரை ஒருவர் தலைமுறையாக அறிந்த ஊரில், "இன்னார் வீட்டுப் பெண் இப்படிக் கேட்டாளாம்" என்று ஞாயிற்றுக்கிழமை பேச்சாகிவிடும் என்ற பயம்தான் கேள்விகளைத் தொண்டையிலேயே நிறுத்துகிறது.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மாடி கிடையாது. அந்த நாட்களைத் தமிழ் வேதாகமத்தில் உள்ள வானச் சொற்களுக்கு ஒதுக்கினோம். எங்கள் குழு செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுவே. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் நாம் "ஆகாயவிரிவு" என்று வாசிக்கும் இடத்தில் எபிரெயத்தில் இருக்கும் சொல் "ரகீயா". அதன் வேர்ச்சொல்லுக்குத் தட்டிப் பரப்புதல், உலோகத்தை அடித்துத் தகடாக்குதல் என்ற பொருள்கள் உண்டு. நான் இதைச் சொன்னதும் பூட்டுப் பட்டறைக்காரர் தலையாட்டிவிட்டு, "தகட்டைத் தட்டினால் விரியத்தானே செய்யும், மொழிபெயர்த்தவர்கள் தட்டுவதை விட்டுவிட்டு விரிவதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்" என்றார். எத்தனையோ விளக்கவுரைகளில் நான் படித்ததை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். கெட்டியான கூரை என்ற பழங்காலத்துப் படிமம் மூலச்சொல்லில் இருக்கிறது. தமிழ்ச் சொல்லில் அது கரைந்துபோய், எல்லையற்ற வெளியைப் போல ஒலிக்கிறது. தமிழில் மட்டும் வாசிப்பவர், "வேதம் அன்றே விண்வெளியைச் சொல்லிவிட்டது" என்று எளிதாக நினைத்துவிட அதுவே காரணமாகிவிடலாம். அப்படிச் சொல்லும் பிரசங்கங்களை நான் கேட்டிருக்கிறேன். முன்பு நானே சொல்லியும் இருக்கிறேன்.

யோபுவின் முப்பத்தெட்டாம் அதிகாரத்தில் "அறுமீன்" வருகிறது, "மிருகசீரிஷம்" வருகிறது. கார்த்திகைக் கூட்டத்தையும் ஓரியன் பகுதியையும் குறிக்க, பழைய மொழிபெயர்ப்பாளர்கள் இந்த மண்ணின் நட்சத்திரப் பெயர்களையே எடுத்துக்கொண்டார்கள். மழை ஓய்ந்த இரவில் மாடியில் நின்று வெறுங்கண்ணால் எண்ணியபோது எங்களில் பெரும்பாலோருக்கு ஆறுதான் தெரிந்தது, பெயர் பொருந்திவிட்டது. பத்து மடங்கு பெரிதாக்கும், ஐம்பது மில்லிமீட்டர் வில்லையுள்ள (10x50) இருகண் நோக்கியில் பார்த்தால் அது பல பத்துகளாகப் பெருகியது. புதிதாகத் தொடங்குபவர்கள் தொலைநோக்கிக்குப் பணம் செலவழிக்கும் முன் இப்படிப்பட்ட இருகண் நோக்கி ஒன்றை வாங்கினால் போதும். எங்கள் தொலைநோக்கியில் நான்கு பேர் வரிசையில் நிற்க ஒருவர்தான் பார்க்க முடியும். இருகண் நோக்கியோ கைமாறிக்கொண்டே போகும், யாரும் சலிப்படைய மாட்டார்கள்.

2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை; கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கங்கண சூரிய கிரகணத்தின் பாதை கோயம்புத்தூர், கரூர் பகுதிகளோடு எங்கள் திண்டுக்கல்லின் மேலும் சென்றது. காலை எட்டு மணிக்குச் சற்றுப் பின் தொடங்கி, ஒன்பதரை மணியளவில் மூன்று நிமிடம் வளையமாக நின்று, பதினொன்றைத் தாண்டி விலகியது. ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே தயாரானோம். தரச்சான்று பெற்ற கிரகணக் கண்ணாடிகளை மொத்தமாக வரவழைத்தோம். பழைய எக்ஸ்ரே படம், புகை படிந்த கண்ணாடி, தண்ணீர்ப் பாத்திரத்தில் தெரியும் பிம்பம் ஆகிய மூன்றும் கண்ணைக் கெடுக்கும் என்று செவிலியர் இரண்டு ஞாயிறுகள் அறிவிப்பு நேரத்தில் எடுத்துச் சொன்னார். முழுக் கிரகணத்தில் இருப்பதுபோல் கண்ணாடியைக் கழற்றும் நேரம் இதில் ஒரு நொடிகூட இல்லை என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. வளையமாகத் தெரியும்போதும் அது சூரியன்தான். கண்ணாடி போதாதவர்களுக்காக, சிறிய முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைத் துளையிட்ட தாளால் மூடி, பிம்பத்தை ஆலயத்தின் நிழல் விழுந்த சுவரில் விழச் செய்தோம்.

பட்டறைக்காரரின் மருமகள் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. கிரகண நேரத்தில் கர்ப்பிணி வெளியே வரக்கூடாது என்று அந்த அம்மா திட்டமாகச் சொல்லிவிட்டார். "நாம் கிறிஸ்தவர்கள், இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று அவருக்கு இளைஞர்கள் பாடம் எடுக்கத் தொடங்கினார்கள். நான் தடுத்தேன், மூன்று கூட்டங்களில் நாசமானதிலிருந்து அவ்வளவாவது கற்றிருந்தேன். கிரகணத்தால் குழந்தைக்குக் கேடு வராது என்று செவிலியர் அம்மாவிடம் தனியாக ஒருமுறை சொன்னார், வற்புறுத்தவில்லை. மருமகள் வீட்டிலேயே இருந்தாள். ஆனால் ஒன்பதரை மணிக்கு, ஆலய வளாகத்து வேப்பமரத்தின் அடியில், இலை இடுக்குகள் ஒவ்வொன்றும் ஊசித்துளைபோல் வேலை செய்ததால், மண் முழுவதும் நூற்றுக்கணக்கான சிறு வளையங்கள் விழுந்து அசைந்தன. அம்மா அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். திரும்பி வரும்போது மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆனால் வளையம் அதற்குள் உடைந்து பிறைகளாகியிருந்தது. அதுவும் அழகுதான் என்று அந்தப் பெண் சொன்னாள்.

அன்று மாலைக் கூட்டத்தில் பையன், இயேசு சிலுவையில் இருந்தபோது பூமியெங்கும் உண்டான இருள் சூரிய கிரகணம்தானா என்று கேட்டான். மூப்பரே பதில் சொன்னார், அதுவும் வானியலைக் கொண்டு: யூதர்களின் பஸ்கா பண்டிகை பௌர்ணமியை ஒட்டி வருவது, சூரிய கிரகணம் அமாவாசையில் மட்டுமே நிகழும், முழுக் கிரகணத்தின் இருள் ஒரே இடத்தில் ஏழரை நிமிடத்துக்கு மேல் நீடிக்க முடியாது, சுவிசேஷமோ மூன்று மணி நேரம் என்கிறது. ஆகவே கிரகணம் என்ற விளக்கம் பொருந்தாது. அந்த இருள் எப்படி உண்டானது என்று வானியல் சொல்லாது என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார். மூன்றாவது பெட்டிக்குப் போன சீட்டு அது.

வயதுக் கேள்வி மறுபடியும் வந்தது 2020 ஜனவரியில். இம்முறை அது அறைக்குள் வரவில்லை, திறந்த வானத்தின் கீழ் வந்தது. ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில், சாயங்காலம் மேற்கே இறங்கிக்கொண்டிருந்த ஆண்ட்ரோமீடா விண்மீன்கூட்டத்தை இருகண் நோக்கியில் பிடித்தோம். மங்கிய பஞ்சுத் துணுக்குபோல் இருந்தது. அதன் ஒளி நம்மிடம் வர சுமார் 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. மூப்பர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஆதாமை முழு மனிதனாகவே படைத்தவர், ஒளியையும் பாதி வழியிலேயே படைத்திருக்கலாமே" என்றார். அதில் கிண்டல் இல்லை. அவர் உண்மையாகவே யோசித்துச் சொன்னார். செவிலியர் 1987ஆம் ஆண்டு வெடித்த நட்சத்திரத்தைப் பற்றிச் சொன்னார். பெரிய மெகல்லன் மேகத்தில், சுமார் 1,60,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் அது வெடித்ததை நம் காலத்தவர்கள் கண்டார்கள். ஒளிக்குச் சில மணி நேரம் முன்பாக அதிலிருந்து வந்த நியூட்ரினோ துகள்களை ஜப்பானில் பூமிக்கடியில் இருந்த கருவி பிப்ரவரி 23 அன்று பதிவு செய்தது. "ஒளி பாதி வழியில் படைக்கப்பட்டதானால், அந்த நட்சத்திரம் வெடிக்கவே இல்லை, நடக்காத ஒன்றை நடந்ததுபோல் கடவுள் நமக்கு வரைந்து காட்டினார் என்றாகும். அதை நான் எப்படி ஏற்பது, ஐயா?" என்றார். மூப்பர் தம் கருத்தை மாற்றிக்கொண்டாரா என்று நான் கேட்டதில்லை. திரும்பும் வழியில் வேனில், பழங்காலத் திருச்சபை அறிஞரான அகஸ்டினைப் பற்றிக் கேட்டார். நான்காம் நாளில்தான் சூரியன் என்றால் முதல் மூன்று நாட்கள் எப்படிப்பட்ட நாட்கள் என்ற கேள்வியோடு அகஸ்டின் ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன்பே போராடியதையும், வானத்தைப் பற்றி அறியாமல் பேசும் கிறிஸ்தவர்களால் விசுவாசமே ஏளனத்துக்குள்ளாகும் என்று அவர் எச்சரித்ததையும் சொன்னேன். அன்று வேனில் "அவிசுவாசம்" என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை.

பொதுமுடக்க மாதங்களில் தொலைபேசியில் கூடினோம். பெருவெடிப்புக் கோட்பாடு ஆதியாகமத்தை நிரூபித்துவிட்டது என்ற செய்தி அப்போது எல்லோர் கைப்பேசிக்கும் வந்துகொண்டிருந்தது. எனக்குக் கைகொடுத்தவர் ஜார்ஜ் லெமைத்தர். பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கக் குரு. அண்டம் விரிவடைகிறது என்று 1927இல் எழுதியவர். எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று 1931இல் முன்வைத்தவர். 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ் ஆற்றிய உரை, இந்தக் கோட்பாட்டைப் படைப்பின் சாட்சியாக எடுத்துக்கொள்வதுபோல் அமைந்தது. மகிழ்ந்திருக்க வேண்டியவர் லெமைத்தர்தான், அவரோ சங்கடப்பட்டார். தம் கோட்பாடு மதக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பதே அவர் நிலைப்பாடு. அடுத்த ஆண்டு ரோமில் கூடிய வானியலாளர்களிடம் பேசியபோது போப் அந்த ஒப்பீட்டை மீண்டும் சொல்லவில்லை. கோட்பாட்டை உருவாக்கிய குருவே விரும்பாத நிரூபணத்தை நாம் எதற்குக் கைப்பேசியில் அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்று நான் கேட்டேன். நாளைக்கு அண்டத்தைப் பற்றிய கணக்கு திருத்தப்பட்டால், அதன்மேல் சாய்த்து வைத்த விசுவாசமும் சேர்ந்தல்லவா ஆடும்? எங்கள் குழுவில் எழுதப்படாத ஒரே சட்டம் அன்று உண்டானது: வானத்தை சாட்சிக்கூண்டில் ஏற்றக் கூடாது, எந்தப் பக்கத்துக்காகவும்.

அந்தச் சட்டத்துக்குச் சோதனை அந்த ஆண்டு டிசம்பர் 21இல் வந்தது. வியாழனும் சனியும் தென்மேற்கு அடிவானத்தில், முழுச் சந்திரனின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளிக்குள் வந்து நின்றன. எங்கள் தொலைநோக்கியில் வியாழனின் நிலவுகளும் சனியின் வளையமும் ஒரே வட்டத்துக்குள் தெரிந்தன. முகக்கவசத்தோடு ஒவ்வொருவராக மாடியேறிப் பார்த்தார்கள். பெத்லகேம் நட்சத்திரம் திரும்பி வந்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. இந்த எண்ணத்துக்குப் பின்னால் வானியலாளர் கெப்ளர் இருக்கிறார்: 1603இல் இதே இரு கோள்கள் நெருங்கியதையும், மறு ஆண்டு புதிய நட்சத்திரம் ஒன்று தோன்றியதையும் கண்ட அவர், கி.மு. 7இல் இவை மூன்று முறை நெருங்கின என்று கணக்கிட்டார். ஆனால் அந்த மூன்று முறையும் இடைவெளி ஏறத்தாழ ஒரு பாகை, அதாவது இரண்டு முழு நிலவு அகலம். ஒரே நட்சத்திரமாக யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. பிள்ளை இருந்த இடத்துக்கு மேல் வந்து நின்றது என்று மத்தேயு எழுதுவதற்கும் கோள்களின் நடை பொருந்தாது. இவ்வளவையும் சொன்ன பிறகு அந்த அம்மா கேட்டதுதான் எங்களைத் திணறடித்தது: "கிழக்கிலிருந்து சாஸ்திரிகள் வந்தார்கள் என்று வாசிக்கிறோம். நட்சத்திரம் பார்த்து வந்தவர்கள் சொன்னது பலித்தது. அப்போது ஜாதகம் பார்ப்பது தப்பு என்று எங்களுக்கு மட்டும் ஏன் சொல்கிறீர்கள்?" கல்யாணத்துக்கு முன் சத்தமில்லாமல் பொருத்தம் பார்த்துவிடும் கிறிஸ்தவ வீடுகள் எத்தனை என்று அறைக்குள் இருந்த எல்லோருக்கும் தெரியும். இதற்கு மட்டும் இரண்டு மாதம் செலவழித்தோம். இன்னொரு தமிழ் மொழிபெயர்ப்பில் அவர்கள் "ஞானிகள்" ஆகிவிடுவதால் கேள்வியே எழாது என்பதையும் கண்டோம்.

பயணம் போக முடிந்தபோது கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குப் போனோம். 1899இல் தொடங்கப்பட்டது, 1870களின் பெரும் பஞ்சத்துக்குப் பின், மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்புண்டா என்று அறிய விரும்பியதும் அதன் பிறப்புக்கு ஒரு காரணம். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டுபிடித்தது இங்கேதான். எங்களுக்கு அதைவிட ஆர்வமூட்டியவர் அதன் முதல் இயக்குநர் சார்லஸ் மிச்சி ஸ்மித். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். அவருடைய அண்ணன் வில்லியம் ராபர்ட்சன் ஸ்மித், வேதாகமத்தை வரலாற்று முறையில் ஆராய்ந்து எழுதியதற்காக ஸ்காட்லாந்தின் சுயாதீனத் திருச்சபையின் (Free Church) விசாரணைக்கு உள்ளாகி, 1881இல் பேராசிரியர் பதவியை இழந்தவர். ஒரே வீட்டில் ஒருவர் வேதத்தை ஆராய்ந்து வம்பில் மாட்டினார், இன்னொருவர் சூரியனை ஆராய்ந்து மலையில் நிம்மதியாக வாழ்ந்தார் என்று மூப்பர் சொன்னார். எங்கள் வேனில் அன்று இரண்டு தரப்பாரும் இருந்தோம்.

ஆசிரியன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன்: உள்ளூர்க் கதைகளைத் தேடுங்கள். கலிலேயோவை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் இது எங்கோ நடந்த சண்டையாகவே இருக்கும். 1689 டிசம்பரில் புதுச்சேரியில் வால்மீன் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த ரிஷோ என்ற இயேசு சபைத் துறவி, ஆல்ஃபா சென்டாரி ஒரு நட்சத்திரமல்ல, இரண்டு என்று கண்டார். மே மாத இறுதியில் இரவு பத்து மணிக்கு, தென் அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே, எங்கள் மாடியிலிருந்தே அதைப் பிரித்துப் பார்க்கிறோம். நம் சூரியக் குடும்பத்துக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரத் தொகுதி அது. ஐரோப்பாக் கண்டத்திலிருந்து அதைப் பார்க்கவே முடியாது.

இப்போது பதினொரு பேர் வருகிறார்கள். அந்தப் பையன் பொறியியல் முடித்துவிட்டான். விடுமுறையில் வரும்போது கூட்டத்துக்கு வருவான். போன முறை ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினான். 2038இலும் இதே குழப்பம் வருகிறதாம்: வானத்தின்படி மார்ச் 28, அட்டவணையின்படி ஏப்ரல் 25. அன்று எனக்கு எழுபத்தெட்டு வயதிருக்கும், இருந்தால். அந்த வருடத்துப் பௌர்ணமியை மாடியிலிருந்தே பார்க்க வேண்டும் என்று அவன் சொல்ல, தாங்கியின் அடித்தட்டு அதுவரை தாங்காது, இப்போதே வேறு கடைந்துவிடலாம் என்று பட்டறைக்காரர் அளவெடுக்கக் குனிந்தார்.